அம்மா போட்டுக்கொண்ட மொட்டை

என் அம்மா மொட்டை போட்டுக்கொண்ட அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு திருப்போரூருக்குப் பஸ் ஏறினேன். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். நான் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி எங்கள் குப்பம். அம்மா கூடையில் மீன் விற்கிறவள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் என்னவென்றால், எங்கள் குப்பத்தில் சாமி இல்லை என்று மேடை ஏறிப் பேசுகிற ஒரே ஆள் என் நைனாதான்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. புதுக் கட்டுமரத்துக்குக் கற்பூரம் காட்டும்போது கருப்புச் சட்டையோடு தள்ளி நின்று பீடி பிடிப்பார். டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்து, அதில் இல்லாததையும் இரண்டு சேர்த்துச் சொல்லுவார். அம்மா அதே மரத்துக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பாள். இதற்காக இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவர் வேலை அவருக்கு, இவள் வேலை இவளுக்கு. படித்த வீடுகளில் இதே விஷயத்துக்கு மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பிற்பாடு பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் நைனாவும் என் தாய்மாமனும் விடியும் முன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். புயல் எச்சரிக்கை ரேடியோவில் வந்தபோது அவர்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தார்கள். பகலுக்குள் காற்று பிடித்துக்கொண்டது. மற்ற மரங்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக் கரையேறின. இவர்களுடையது மட்டும் வரவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அம்மா எடுத்த எடுப்பில் சாமியிடம் ஓடவில்லை. முதலில் டீக்கடைக்கு ஓடி ரேடியோவைக் கேட்டாள். என்னை மாமல்லபுரம் தபாலாபீசுக்கு விரட்டி, தெற்கே மரக்காணத்துக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். லைன் கிடைக்கவில்லை. அவளே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், ஆளைக் காணவில்லை என்று சொல்லி எழுத வைத்தாள். குப்பத்து ஆண்கள் தேடிப் போக மரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். அலை அவர்களைத் திருப்பிக் கரையில் போட்டது. மனுஷர் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்த பிறகும் பொழுது மிச்சம் இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ரேடியோ சொன்னது. என் நைனா வருவாரா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மிச்சப் பொழுதில்தான் அம்மா மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்துகொண்டு, கரையில் நின்று, திருப்போரூர் முருகனை வேண்டிக்கொண்டாள். அவர் உயிரோடு திரும்பினால் அவருக்கு மொட்டை போடுகிறேன் என்று.

அவருக்கு! சாமி இல்லை என்கிறவருடைய தலைக்கு! எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படித்தான் வேண்டிக்கொள்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளையின் முடி, புருஷனுக்கு ஆபத்து என்றால் புருஷன் முடி. அந்த நேரத்தில் யார் யாரைக் கேட்டுக்கொண்டு வேண்டுகிறார்கள்? அம்மாவுக்குக் கட்சியும் கருப்புச் சட்டையும் ஞாபகத்துக்கே வரவில்லையாம்.

மூன்றாம் நாள் காலை உப்பு லாரி ஒன்றில் இருவரும் வந்து இறங்கினார்கள். காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் மரக்காணம் பக்கம் கரையில் ஒதுக்கியிருக்கிறது. உதடெல்லாம் வெடித்து, கண் சிவந்து, பேச்சு வராமல் நின்றார் நைனா. குப்பமே கூடி அழுதது. உடம்பு தேறியதும் மாமா தானாகவே திருப்போரூர் போய் மொட்டை அடித்து, சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார். அப்புறம் எல்லார் பார்வையும் நைனாவின் தலைமேல் விழுந்தது.

அம்மா வேண்டுதலைச் சொன்னபோது நைனா சத்தம் போடவில்லை. தன்னைக் கேட்காமல் தன் தலையைக் கொடுக்க இவள் யார் என்றுதான் கேட்டார். எனக்கு நீச்சல் தெரியும், மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தேன், வந்தேன், இதில் முருகனுக்கு என்ன பங்கு என்றார். அம்மா சில நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு காலை மீன் அலசிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அவரு சொல்றதும் ஞாயம்தாண்டி. அவரு தலைய நான் எப்புடி குடுக்கறது? குடுக்கறதுன்னா நம்முளுத குடுக்கணும்."

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. நாள் முழுக்க மீன் வாடையில் கிடக்கிறவள் தனக்கென்று ஆசையாக வளர்த்தது அது ஒன்றைத்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் சீயக்காய் தேய்த்து, வாசலில் நின்று காய வைப்பாள். கொஞ்சம் ஊருக்குக் காட்டுவதும் உண்டு. கோயிலில் நாவிதருக்கே மனசு வரவில்லை. பூமுடி கொடுத்தால் போதுமே, ஒரு கொத்து நறுக்கிக்கொள்கிறேன் என்றார். முழுத் தலையை வேண்டிவிட்டுப் பூமுடி கொடுப்பது ஏமாற்று வேலை என்று அம்மா சொல்லிவிட்டாள். முடி மடியில் விழ விழ அவள் கண்ணை மூடவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குளத்தில் முழுகி, தலையில் சந்தனத்தோடு அவள் படியேறி வந்தபோது அழுகை போன இடம் தெரியவில்லை. இவள் என் அம்மா என்று அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மறுநாளே கூடையைத் தூக்கிவிட்டாள். மழித்த தலையில் சும்மாடு நிற்காமல் வழுக்கியது. துணியை நனைத்துச் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். செங்கல்பட்டு மார்க்கெட்டில் பக்கத்தில் கடை போடுகிற அம்மாள் இவளைக் கண்டதும், வீட்டுக்காரர் போய்விட்டார் என்று நினைத்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா தாலியை எடுத்துக் காட்டினாள்.

"போனவர திருப்பி வாங்கியாந்தேன்க்கா. அதுக்குத்தான் இத்த குடுத்துட்டு வந்து நிக்கிறேன்."

பிற்பாடு எனக்குக் கல்பாக்கத்தில், ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே சாப்பாட்டு நேரத்தில் என் நெற்றி விபூதியைப் பார்த்துக் கேட்பார்கள்: இந்தக் காலத்தில், இந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இன்னும் இதெல்லாமா? பயம்தான் ஜனங்களைக் கோயிலுக்கு விரட்டுகிறது என்று விளக்கமும் சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பயந்தவள் மொட்டைத் தலையோடு மார்க்கெட்டில் நின்று மீன் விற்பாளா? கையில் ஒன்றுமே இல்லாமல் போன நேரத்தில், கொடுப்பதற்கு என்னிடம் இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைக்க ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை அம்மாவுக்கு முருகனைத் தவிர வேறு யாரும் தரவில்லை. நான் விபூதி வைப்பது அதைப் பார்த்துத்தான்.

அதெல்லாம் பிற்பாடு. அம்மா மொட்டை போட்டுக்கொண்ட அந்த நாட்களில் நைனாவின் கட்சிக்காரர்கள் அவரைச் சும்மா விடவில்லை. மேடையில் பகுத்தறிவு, வீட்டில் மொட்டையா என்று டீக்கடையில் வைத்து வாரினார்கள். நைனா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்களுடையது ஒரே அறை உள்ள வீடு. தண்ணீர் வேண்டும் என்றாலும் உங்கம்மாவிடம் சொல்லு என்பார். சொம்பு அங்கேதான் இருக்கிறது என்று உங்க நைனாவிடம் சொல்லு என்பாள் அவள். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்குத்தான் தொண்டை வறண்டது.

அந்தச் சமயத்தில் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்சிக் கூட்டம் போட்டார்கள். நைனாவும் பேசுவதாக ஏற்பாடு. அவர் பேசுகிற கூட்டம் எதையும் அம்மா விட்டதில்லை. சாமி இல்லை என்று அவர் முழங்குவதை முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பாள். தன் புருஷன் மைக்கில் பேசுகிறான் என்கிற பெருமை அவளுக்கு. அன்று காலை நைனா என்னைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார்.

"அந்தத் தலைய வெச்சிகினு கூட்டத்துக்கு வந்தா, இவ யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு மேடையிலயே சொல்லிடுவேன். உங்கம்மாகிட்ட சொல்லு."

ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முந்தானையால் தலையையாவது மூடிக்கொள் என்றேன். வெயிலா அடிக்கிறது, மழையா பெய்கிறது என்று கேட்டாள். நைனா சொன்னால் செய்கிறவர். ஊர் முன்னால் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இருக்காது.

முதலில் வெளியூர்ப் பேச்சாளர் பேசினார். அவருக்கு எங்களை யாரென்று தெரியாது. நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் முன்வரிசையில் இருந்த மொட்டைத் தலை கண்ணில் பட்டுவிட்டது. மனிதன் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான், இந்த அம்மா தன் முடியைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள் என்று விரலை நீட்டிக் காட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் குப்பத்து ஆட்கள் மட்டும் சிரிக்காமல் மேடையில் இருந்த நைனாவைப் பார்த்தார்கள். அம்மாவும் அவரையே பார்த்தாள். நைனா நாற்காலியை விட்டு எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"அது என் சம்சாரம். நான் கடல்ல பூட்டேன்னு கரையில நின்னுகினு என் உசுரக் கேட்டுது. என் தலையத் தர்றேன்னு வேண்டிக்கினுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். தன் தலையக் குடுத்துட்டு வந்துச்சு. சாமி கீதுன்னு நான் சொல்லல. இல்லதான். ஆனா இந்தத் தலையப் பாத்து இங்க எவனும் சிரிக்கக் கூடாது."

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியூர்க்காரர் கீழே இறங்கி வந்து அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு நைனா தன் பேச்சைத் தொடங்கி, சாமி இல்லை என்று வெகு நேரம் பேசினார். அவர் பேசி நான் கேட்டதிலேயே அதுதான் நல்ல பேச்சு. அவரையும் அவளையும் பெற்றோராகப் பெற்ற என்னைவிடக் கொடுத்துவைத்தவள் அந்தக் கடற்கரையில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்து கரையோரமாக நடந்தோம். நைனாதான் முதலில் வாயைத் திறந்தார், என்னிடம் அல்ல, நேரே அவளிடம். பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றாள் அம்மா. சாமி இல்லை என்று அத்தனை தடவை சொன்னேனே, உனக்கு வருத்தம் இல்லையா என்றார்.

"எனக்கு இன்னாய்யா வருத்தம்? சாமி இல்லன்னு சொல்றதுக்காச்சும் நீ திரும்பி வரணுமில்ல. அதுக்குத்தானே வேண்டிக்கினேன்."