ரோட்டை மேய்ந்த வயல்

எங்கள் பகுதியில் கல் கிடையாது. தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் தண்ணீர். ரோட்டுக்குக் கொட்டும் கிராவல் வல்லம் பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும். கோடையில் கொட்டிப் பரப்பியதும் ரோடு புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். ஐப்பசி மழையில் கிராவல் கீழே போய்க் களி மேலே வந்துவிடும். ஆற்றில் கரைத்த புளிதான். ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக இருந்த வருஷங்களில் நான் கரைத்துக்கொண்டிருந்தது இந்தப் புளியைத்தான்.

தார் ரோடு குளத்தங்கரையோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஆற்றங்கரைச் சுடுகாடு வரை மண் ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். அந்த வயலில் பெரும்பகுதி என் பெரியப்பாவுடையது. சுடுகாட்டுக்கு வேறு வழி இல்லை. ஆகவே அந்த ரோட்டுக்கு நான் வைத்திருந்த அளவு ஒன்றே ஒன்றுதான்: பாடை தூக்குகிறவர்கள் ஜோடி ஜோடியாக நடக்க இடம் வேண்டும். வண்டி போவதெல்லாம் அப்புறம்.

மழையால் ரோடு கெடுகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி மண்வெட்டி. நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுவார்கள். வரப்பின் ஓரத்தைப் புல்லோடு சீவிச் சேற்றில் தள்ளி மிதித்துவிட்டு, வெட்டிய இடத்தில் சேறு வைத்து மெழுகுவது. எலி வளை அடைபடும், தண்ணீர் கசியாது. சாதாரண வரப்பு என்றால் இந்தப் பக்கம் ஒருவர் கொஞ்சம் அதிகமாகச் சீவினால் அந்தப் பக்கத்துப் பங்காளி சண்டைக்கு வந்துவிடுவார், வரப்பு பிழைத்துக்கொள்ளும். ரோட்டுக்கு ஏது பங்காளி? வருஷத்துக்கு ஒரு சீவல் என்று ரோடு வயலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் பயிர் ரோட்டை மேய்ந்தது.

பெரியப்பா ஊரார் சொத்துக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். ரோடு சேறானால் ரைஸ்மில்லிலிருந்து டிராக்டரில் உமிச்சாம்பல் ஏற்றிவந்து முதலில் கொட்டுகிறவர் அவர். நடுவில் நிரப்புவார், ஓரத்தில் சீவுவார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வார்.

ஒரு புரட்டாசியில் அவர் ஆள் விட்டு அண்டை வெட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"பெரியப்பா, இது வரப்பு இல்லீங்க, ரோடு. இப்பவே ரெண்டு பேரு சேந்தாப்ல நடக்க முடியல."

"அண்டை வெட்டாம எப்படிடா நடுறது? எலி பூந்து எல்லாத்தையும் காலி பண்ணிடும்."

"புல்லை மட்டும் செதுக்கச் சொல்லுங்க. மண்ணை எடுக்க வேணாம்."

"எங்க அப்பா காலத்துலேருந்து இது எங்க வரப்புடா. உங்க ரோடுதான் அதுமேல வந்து உக்காந்துருக்கு. வேணும்னா சர்வேயரக் கூட்டிட்டு வா."

கூட்டிவந்தேன். அளந்து பார்த்ததில் எல்லைக்கல் வயலுக்குள் சேற்றில் புதைந்து கிடந்தது. "கல்லு நகந்துருக்கும்டா" என்றார் பெரியப்பா. கல்லுக்குக் கால் முளைத்ததை முதன்முதலாக அன்றுதான் கேள்விப்பட்டேன். பெரியப்பா ஆயிற்றே என்று புகார் எழுதாமல் விட்டேன். அது ரோட்டு இடம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்கிற வீம்பு அன்று பிடித்தது. அதன் பிறகு கல்யாண வீடு, டீக்கடை என்று எங்கே பார்த்தாலும் இதே பேச்சுதான். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் பெரியம்மா காலமானார். நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவர்களுடைய மகனான அண்ணன் வந்துசேர்ந்த பிறகு எடுத்தோம். குளத்தங்கரை வரை வண்டி, அதற்கப்புறம் தோள். அண்ணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனார். நான் வாய்க்கால் பக்கத்து முன்தோள்.

பெரியப்பாவின் வயலை ஒட்டிய இடத்தில் ரோடு குறுகியது. வாய்க்கால் நிரம்பி ஓடியது. என் காலடியில் கரை பிளந்து சரிந்தது. பாடை ஒரு பக்கம் சாய, எல்லோரும் கத்தினார்கள். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். எடுத்த பாடையைத் திருப்பக் கூடாது, கண்ட இடத்தில் இறக்கவும் கூடாது. வயல் பக்கத்துத் தோள்காரர்கள் இருவரும் வயலில் இறங்கினால்தான் வழி. அங்கே நட்ட பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. நட்ட வயலில் கால் வைக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது, சாவுக்கே ஆனாலும். இருவரும் குனிந்து பயிரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னால் வந்துகொண்டிருந்த பெரியப்பா வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்.

"எறங்குங்கப்பா."

"பயிரு..." என்று இழுத்தார் பின்தோள்காரர்.

"மிதிங்க. இது ரோட்டு இடந்தான்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பாடையின் ஓரத்தை ஒரு கையால் தாங்கியபடி, தூக்குகிறவர்களுக்குக் கால் வழுக்காமலிருக்கத் தானே முன்னால் பயிரை மிதித்து அமுக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவர் பின்னால் எவ்வளவு அலைந்திருப்பேன். அது என் காதில் விழாமலேயே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.