வானிலை பேசினால் நஷ்டமில்லை

சிவகாசியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. மச்சினனுக்குத் துணையாக நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவன் அவன். பெங்களூருக் கடையில் கொள்முதல் பார்க்கப் புதிதாக வந்திருந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. அவரிடம் இங்கிலீஷில் பேசி சீசன் ஆர்டரை வாங்கினால் பெங்களூரு விற்பனை லைன் இவனுக்கு. தவறினால் முதலாளியின் மருமகனுக்கு.

அந்த வெக்கையிலும் டை கட்டி வந்த ஆசிரியர், எல்லாரும் குழப்பிக்கொள்ளும் சொற்களைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். பாரோ என்றால் இரவல் வாங்குவது, லெண்ட் என்றால் கொடுப்பது. எப்படிப் போனாலும் பொருள் திரும்பி வராத ஊரில் இந்த வித்தியாசம் எதற்கென்று நான் கேட்கவில்லை. டிலே என்றால் தானாகத் தாமதமாவது, போஸ்ட்போன் என்றால் நாமே தள்ளிப்போடுவது. பிறகு உரையாடல் கலை.

"சாப்பிட்டீகளா, எத்தன பிள்ளைகன்னு எடுத்ததும் கேக்கக் கூடாது. வெதரப் பத்திப் பேசுங்க. அதுல யாருக்கும் நஷ்டமில்ல."

நஷ்டமில்லையாம். எங்கள் பக்கத்து வானம் என்ன வெறும் வானமா? ஒரு மேகம் நகர்ந்தால் ஓட்டம், வெயிலில் காயப்போட்ட பட்டாசுச் சரக்கை அள்ளும் கைகள், பாதியில் வீட்டுக்குத் திரும்பும் ஆட்கள், அடுப்பில் ஏறாத உலை. மழை தரும் இருக்கன்குடி மாரியம்மனிடமே போய், மழை வேண்டாமென்று நேர்ந்துகொள்ளும் ஜனம் நாங்கள்.

ஒரு நாள் வகுப்பில் இருக்கும்போதே போன் வந்தது; பெங்களூரு அம்மா முதலில் கேட்டதே வானிலைதான். இங்கே ஒரே மழை, உங்கள் ஊரில் எப்படி? அவர் சும்மா கேட்டார். 'ஃபைன்' என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மச்சினன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். வெம்பக்கோட்டைப் பக்கம் கறுத்து நிற்பதை, சரக்கு காயாததை, மாரியம்மனுக்கு நேர்ந்திருப்பதை, லோடு டிலே ஆகலாமே தவிர போஸ்ட்போன் ஆகாது என்பதை, தடுமாறாத இங்கிலீஷில் சொல்லி முடித்தான்.

அந்த அம்மா யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதலாளியின் மருமகன் அவரிடம் பேசினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ் எஸ், நோ ப்ராப்ளம்' மட்டும். ஆர்டரும் லைனும் அவருக்குப் போயின.

ஆசிரியருக்கோ ஒரே பெருமை. "எங்கயும் நிக்காமப் பேசுனீகல்ல? அதான் ஃப்ளூயன்சி."

"சரிங்க சார்," என்றான் மச்சினன். "மேகம் கறுத்து நிக்கையில வெதர் நைஸுன்னு சொல்றது எந்தப் பாடத்துல வருது?"

"அது அட்வான்ஸ் கோர்ஸ்."

படியிறங்கும்போது, "சேரப் போறியா மாப்ள?" என்றேன்.

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "தூறல் விழுது மச்சான். அங்கன அம்புட்டும் வெளிய கெடக்கும்."

வண்டியை உதைத்துப் பறந்தான், மருமகன் நோ ப்ராப்ளம் என்று விற்ற சரக்கை அள்ளிப் போட.