பாலத்துக்கு அப்பால் கோழி போகாது

பொரித்த கோழியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்குத் தெருநாயைவிட மேனேஜரிடம்தான் பயம் அதிகம். மட்டக்களப்பு டவுனில் மூன்று வருடம் இந்தத் தொழில் செய்தேன். மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்று, "சோஸ் எங்க?" என்று ஏச்சு வாங்கிய சக டெலிவரிக்காரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

சிவப்புக் கோடு

கடைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. டவுனும் கடற்கரைப் பக்கமும் சிவப்புக் கோட்டுக்குள். வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் வெளியே. அங்கே டெலிவரி கிடையாது. பாலத்தைத் தாண்டினால் பத்து நிமிடத்தில் ஊர் வந்துவிடும், ஏன் போகக்கூடாது என்று மேனேஜரிடம் கேட்டேன். கொழும்பிலிருந்து வந்த அவர் அந்தப் பாலத்தில் கால் வைத்ததே இல்லை.

"அங்க எல்லாரும் வயல் செய்யிற ஆக்கள். அவங்களுக்கு இதெல்லாம் இறங்காது."

பாசிக்குடாப் பயணம்

அடுத்த வாரமே பாசிக்குடா ஹோட்டலிலிருந்து ஓடர். பாசிக்குடாவும் கோட்டுக்கு வெளியேதான், ஒரு மணித்தியால ஓட்டம். ஆனால் கேட்டவர் வெள்ளைக்காரர். மேனேஜர் தன் கையாலேயே பெட்டியைக் கட்டி, என் ஹெல்மெட்டையும் துடைத்துத் தந்தார். எனக்கு மூன்று வருடத்தில் கிடைத்த ஒரே மரியாதை அது. ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் அண்ணன் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஊர் படுவான்கரையில் கரடியனாறாம்.

"எங்கட ஊர் உங்கட கடைக்கு இதைவிடக் கிட்ட, தம்பி. நானும் வெள்ளையாப் பிறந்திருந்தா ஓடி வந்திருப்பீங்க, என்ன?"

சரோ அக்காவின் ஓடர்

எங்கள் கடையில் கோழிக்கு மா பிரட்டியவர் சரோ அக்கா. படுவான்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மகளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். பிள்ளை போனில் ஓடர் போடப் பார்த்திருக்கிறாள். 'உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை' என்று வர, அழுதிருக்கிறாள். வேலை முடிந்து நீங்களே கொண்டுபோங்களேன் என்றேன்.

"நான் கொண்டு போனா அது அம்மா கொண்டு வந்த சாப்பாடு. ஹெல்மெட் போட்ட ஆள் வாசல்ல நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் ஓடராம். கூட்டாளிமார் பார்க்கோணுமாம். ஒருக்காப் போயிட்டு வாடா தம்பி."

மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது என்பது மேனேஜரின் போனில் தெரியும். கோட்டைத் தாண்டினால் வேலை போய்விடும். ஆனால் மா பிரட்டுகிறவர் வீட்டுக்கே போகாத கோழி யாருக்கு என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா காசு கட்டிய பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னேரம் புறப்பட்டேன்.

பாலத்தில் போகும்போதே போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு அம்மா சட்டியோடு ஓடிவந்து, "என்ன மீன் தம்பி?" என்று கேட்டார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி அங்கே போவது மீன்காரர் மட்டும்தான். கோழி என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். சரோ அக்கா வீட்டு வாசலில் புதுச் சட்டையோடு பிள்ளை நின்றாள். பேர் சொல்லிக் கூப்பிட நான் வாயைத் திறக்க, ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, கூட்டாளிமார் இன்னும் வரல்ல. ஒருக்காத் திரும்பிப் போயிட்டு மறுகா வாங்க."

சேவையே இல்லாத ஊருக்கு ஒரே பின்னேரத்தில் இரண்டு தடவை ஹோன் அடித்துக்கொண்டு டெலிவரிக்குப் போய், அதற்காக ஒரே ஒரு தடவை மட்டும் வேலையை இழந்தவன் நான்.