வேட்டியில் வடிந்த மழை

வேட்டியின் நான்கு முனைகளையும் கம்புகளில் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றைப் போட்டு, அடியில் பானை வைத்தால் மழைநீர் வடிந்து சேரும். அஞ்சுகிராமத்தை ஒட்டிய எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆகவே கைக்குழந்தைக்கு மழைநீரைத்தான் காய்ச்சிக் கொடுப்போம். ஒருநாள் இரவு மழை பெய்து ஓய்ந்ததும் இருட்டோடு எழுந்து, பானையிலிருந்து மொண்டு, ஓமம் போட்டுக் காய்ச்சிப் பிள்ளைக்குப் புகட்டினேன். வெளிச்சம் வந்ததும் முற்றத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வேட்டி இரத்தத்தில் முக்கி எடுத்ததுபோல் சிவந்திருந்தது.

எங்கோ கடலில் அணுகுண்டை வெடித்துச் சோதித்ததும், அதன் சாம்பல் மீன்பிடிக்கப் போனவர்கள்மேல் விழுந்து உடல் வெந்ததும் அப்போது பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. பிள்ளையின் நாக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தேன். அது வீரிட்டு அழுததுகூடச் சாம்பலின் வேலையாகவே எனக்குப் பட்டது.

நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் ரசாயனம் சொல்லிக்கொடுத்த என் கொழுந்தனுக்கு ஆள் அனுப்பினோம். என் சமையலைக் கிண்டல் செய்யாமல் சோற்றில் கை வைக்காத மனிதர். அன்று கிண்டலை விட்டுவிட்டு நேரே வேட்டியிடம் போனார். அந்தச் சாம்பல் குண்டில் வெந்துபோன பவளப்பாறை, அதாவது சுண்ணாம்பு. அமிலம் பட்டால் நுரைக்கக்கூடும் என்று சொல்லி, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த அமிலத்தில் ஒரு சொட்டைச் சிவப்பின்மேல் விட்டார். குனிந்து பார்த்தேன். நுரைக்கவில்லை. ஆனால் அவர் அதோடு விடுவதாக இல்லை. மறுநாளும் மழை சிவப்பாகவே பெய்தது. துகள் ஒட்டுவதற்காக எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டுகளை முற்றத்திலும் ஓட்டுக்கூரையிலும் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே மருந்துவாழ்மலை உச்சிக்கு ஏறினார். வானத்தின் உயரத்திலிருந்து வருகிற சாம்பல் என்றால் உச்சியிலும் இதே அளவு விழ வேண்டும் என்பது அவர் கணக்கு.

கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் திரும்பியவர் முகம் தெளிந்திருந்தது. உச்சியில் வைத்த கண்ணாடியில் கடல்காற்றில் வந்த, மூலைகள் கூரான உப்புத்துகள்தான் அதிகமாம். சிவப்பு முற்றத்தில்தான் நிறைய; அதனால் அது உயரத்திலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்தே கிளம்பியதாம். எல்லாம் ஜவ்வரிசி மாதிரி ஒரே அச்சு உருண்டைகள். தீயில் காட்டினால் இலை கருகும் வாசம் வந்ததாம். தாவரவியல் ஆசிரியரும் பார்த்து உறுதி சொல்லியிருந்தார்.

“சாம்பலு இல்ல மதினி. மரப்பட்டையில பிடிக்கிய பாசிக்க வித்தாக்கும். பயப்படாதிய.”

பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுது ஓய்ந்தபின், அப்படியானால் அந்தச் சாம்பல் நம் ஊருக்கு வரவே வராதா என்று கேட்டேன். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடித் துண்டுகளைத் துணியில் சுற்றியபடி சொன்னார்.

“அவ்வளவு மேல போனது எங்க எறங்கும்னு யாருக்குத் தெரியும்? வந்தாலும் இப்படிச் செவப்பா வராது மதினி. கண்ணுக்கே தெரியாது.”

அந்தப் பிள்ளைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அடுத்து வந்த மழையை நான் மறக்கவில்லை. பளிங்குபோல் தெளிந்த மழை. ஊரே நிம்மதியாக முற்றத்தில் வேட்டி கட்டியது. நான் உப்புக் கிணற்றில் இறைத்து வந்து பிள்ளைக்குக் காய்ச்சினேன்.