சந்தனம் வைத்த யூ.எஸ்.பி. பெட்டி

யூ.எஸ்.பி. சர்க்கியூட் செய்கிறவன் கரண்ட் அடித்துச் சாவதில்லை, பயந்தே சாகிறான். சாலிடர் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக துக்கக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த வயரில் கணினிதான் துரை. அது கேட்டால்தான் நம் பெட்டி வாய் திறக்கலாம். செருகியதும் "நீ யார், என்ன வேலை, எங்கே செய்தது?" என்று விசாரிக்கும். உடனே பதில் வராவிட்டால் அடையாளம் தெரியவில்லை என்று திரையில் எழுதிவிடும். இலங்கையில் சண்டைக் காலத்தில் பஸ்ஸில் போய்வந்த தமிழர்களுக்கு இந்த விசாரணை நன்றாகப் பழக்கம்.

கடை இருண்டது

இரத்தினபுரியில் நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. மலை மேலிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை, டிரையரின் சூடு கணினித் திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டது. ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அது சொல்வதை யூ.எஸ்.பி.க்கு மாற்றித் தரும் ஒரு சிப், சூடு பார்க்க நீளமாக ஒரு வயர். எந்தக் கணினியும் சந்தேகப்படாத ஆள் கீபோர்டுதான். அதனால் "நான் கீபோர்டு" என்று சொல்லப் பெட்டியைப் பழக்கினேன். சூட்டை இலக்கமாக டைப் அடித்துக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை செருகினேன். திரை அணைந்தது, ஃபேன் நின்றது. நானாவின் புதுக் கணினியைக் கருக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். வேறு வேலை எங்கே தேடுவது என்று யோசிக்கும்போது நானா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரோடு முழுக்க கரண்ட் இல்ல மகன். ஒங்கட சின்னப் பெட்டிக்கு அவ்வளவு சக்தி ஈக்கா?"

சிமிட்டும் சோத்துப் பெட்டி

சர்க்கியூட்டை அடைக்க நல்ல பெட்டி கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் சோத்துப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு வைத்தேன். வேலை செய்வது தெரியட்டும் என்று ஒரு சிவப்பு விளக்கும் போட்டேன். கேட்பாரற்ற பொதிகளைத் தொடாதே, குண்டு இருக்கலாம் என்று பஸ்ஸுக்குப் பஸ் எழுதி ஒட்டியிருந்த காலத்தில் எனக்கு அந்தப் புத்தி.

தொழிற்சாலையில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டிரையர் பக்கம் ஒருவரும் இல்லை. எல்லாரும் வாசலில் நின்றார்கள். டிரையர் பார்க்கும் செல்லமுத்து அண்ணன் மட்டும் முன்னால் வந்தார்.

"அந்தச் சிமிட்டுறத நிப்பாட்டுங்க தம்பி. இல்லாட்டி நாங்க வேலைய நிப்பாட்டுறோம்."

பூசை

விளக்கைப் பிடுங்கிய பிறகு பெட்டிக்கு மரியாதை கூடியது. எவ்வளவு கூடியது என்பது ஆயுத பூசைக்கு மறுநாள்தான் தெரிந்தது. பெட்டி பேச மாட்டேன் என்கிறது என்று போன் வந்து ஓடினேன். மூடி மேல் பெரிய குங்குமப் பொட்டு. யூ.எஸ்.பி. சாக்கெட்டுக்குள் சந்தனம், கட்டியாகக் காய்ந்து போய். ஊக்கால் சுரண்டினேன், அசையவில்லை. கடைக்குக் கொண்டுபோய்க் கழுவினால்தான் உண்டு. இந்த வயர்ப் பெட்டியோடு பஸ்ஸில் சோதனையைத் தாண்ட வேண்டும்.

செல்லமுத்து அண்ணனுக்கும் முகம் வாடிவிட்டது.

"எல்லா மிசினுக்கும் வச்சோம் தம்பி. இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

மேக்க மொகத?

டவுனுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். "மேக்க மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டு ஒரு பொலிஸ்காரர் சோத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை, வயர் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தள்ளிப் போனார்கள். என் சிங்களத்தில் யாரும் குறை காண முடியாது. அடையாள அட்டையில் தமிழ்ப் பேரை வாசித்தபோதுதான் குறை தெரிந்தது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

கணினிக்கு இது ஒரு கீபோர்டு என்று சொன்னேன். அங்கிருந்த பெரிய அதிகாரி தன் மேசைக் கணினியைக் காட்டி, "கீபோர்டு என்றால் டைப் அடிக்கட்டும்" என்றார். அப்படி ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பாத பையன்களை எனக்குத் தெரியும். செருகினேன். அடையாளம் தெரியவில்லை என்று வந்தது. அவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் கொஞ்சம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். பஞ்சில் நனைத்து ஊக்கில் சுற்றித் துடைத்தேன். சந்தனம் மஞ்சள் மஞ்சளாக வந்தது. மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி செருகினேன்.

டிங் என்றது. அவர் பாதி எழுதி வைத்திருந்த கடிதத்தின் நடுவில் 31, 31, 31 என்று விழுந்தது. கடிதம் கெட்டதற்கு அடி விழும் என்று ஒடுங்கினேன். அறையின் சூடு என்று சொல்லி வயர் நுனியைக் காட்டினேன். அவர் அதை விரலால் பிடித்தார். 34 ஆனது. விட்டார், இறங்கியது. இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார். பிறகு அடையாள அட்டையை வாசித்து, என் கையில் கொடுத்து, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டார்.

"பெட்டியை மாத்து மல்லி. பேரை மாத்தச் சொல்ல என்னால முடியாது."

இப்போது நானா, கணினி இல்லாமலே, பென் டிரைவை மாட்டினால் அதைத் தானே விசாரித்து அதில் சூட்டை எழுதி வைக்கும் பெட்டி செய்யச் சொல்கிறார். அதற்கும் சிப் இருக்கிறது, ஆனால் பதில் சொல்லியே பழகியவனுக்குக் கேள்வி கேட்கிற சர்க்கியூட் இன்னும் கைவரவில்லை.