ஸ்டாப்பில் நின்ற வீடு

ஹாரன் என்ற பேரை நான் முதலில் கேட்டது பிரசவ ஆஸ்பத்திரியில். என் இரண்டாவது மகன் பிறந்து, கட்டிடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். பார்க்க வந்த என் சின்ன நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, இவன் எங்க ஹாரன் அத்தானையே தோக்கடிச்சிடுவான் போலிருக்கே" என்றாள். யாரடி அது என்றால், அவள் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அண்ணனாம். டவுன் பஸ் டிரைவர். இன்ஜினைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காலமெல்லாம் ஓட்டி, கத்தியே பேசிப் பழகிவிட்டதால், "சாப்பிட்டியா?" என்று கேட்டாலும் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும்.

அவர் ரிடையர் ஆன வருஷம், அவர் ஓட்டிய பஸ்ஸும் காயலான் கடைக்குப் போக இருந்தது. மனுஷன் விடவில்லை. வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தொட்டி என்று வைத்து, ஜன்னலுக்குத் திரையும் போட்டுவிட்டார். இனிமேல் இதுதான் வீடு, கடலோரமாகப் போய்க்கொண்டே இருக்கலாம் என்றார்.

என் நாத்தனாரின் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, அழாத குறைதான். சுவருக்குச் சுவர் ஒட்டின வரிசை வீட்டில் இருந்தவள். இந்தப் பக்கம் கரண்டி கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து கதையும் சேர்ந்து வரும்.

"இதுல பேச்சுத் துணைக்கு யாருங்க இருக்கா? கடல்கிட்டயா பேசச் சொல்றீங்க?"

"நான் இருக்கேனே!"

"நீங்க பேசறது பேச்சா? பத்து வீட்டுக்குக் கேக்குது, எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

மகள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மகள் ஊர் வரைக்கும் கடலோர ரோட்டில் ஒரு பயணம். போய்ச் சேர்ந்ததும் மனைவி வேண்டாம் என்றால் பஸ்ஸை உடைக்கப் போட்டுவிட்டு மாடியறைக்குப் போய்விட வேண்டும். மறுபேச்சு கிடையாது.

கிளம்பினார்கள்.

"கடலைப் பாரு!"

"பாத்தாச்சு. தண்ணி."

துவைத்த துணியை அவள் கூரையோரம் ஓடிய கயிற்றில் போட்டாள். அது கண்டக்டர் இழுக்கிற பழைய மணிக்கயிறு என்று யாருக்கு ஞாபகம்? மணி அடித்ததும் நடுரோட்டில் சரக்கென்று பஸ் நின்றது.

"யாரு இறங்கணும்?"

"உங்க சட்டை!"

அதோடு போயிற்றா? முதல் ஊர் வந்தது. ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஹாரன் அண்ணன் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. கை கதவைத் திறந்தது. மீன்கூடைக்காரி ஒருத்தி ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுப்பைப் பார்த்தாள்.

"என்னக்கா, பஸ்ஸுல சமையல் நடக்குது?"

"இது பஸ் இல்லம்மா, வீடு."

"வீடுன்னா ஸ்டாப்புல ஏன் நிக்குது?"

"முன்னாடி உக்காந்திருக்கே ஒண்ணு, அதைக் கேளு."

அதற்குள் ஒரு தையல்காரம்மா, ரெண்டு கிழவிகள், வாத்தியார் ஒருவர் எல்லாரும் ஏறியாகிவிட்டது. ஏறினவர்களை இறக்கிவிட அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த ஸ்டாப்பிலும் கால் அதே வேலையைச் செய்தது. "மன்னிச்சிடு, பழக்கதோஷம்!" என்று அவர் கத்தினார். செய்த காரியத்துக்கு மாடியறைதான் என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு ஓட்டினார்.

பின்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. மீன்காரி மீனை அலசிக் கொடுக்க, அவர் மனைவி பொரித்தாள். கிழவிகள் வெங்காயம் உரித்தார்கள். வாத்தியாருக்கு உட்கார இடமில்லை, தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல்காரம்மா தன் மருமகள் கதையை ஆரம்பித்திருந்தாள்.

மகள் ஊர் வந்தது. தெருமுனையில் மகள் மாடியறைச் சாவியோடு நின்றாள். ஹாரன் அண்ணன் இன்ஜினை அணைத்தார். மனைவி பக்கம் திரும்பி, கல்யாணமான நாள் முதலாக இல்லாத தணிந்த குரலில், "சொல்லும்மா. உடைக்கப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"இருங்களேன்! இவங்க மருமக பொட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்குறா, நடுவுல வந்துட்டீங்க. இவங்க இறங்க இன்னும் நாலு ஸ்டாப் இருக்கு. வண்டிய எடுங்க."

"மா! எங்க போற?" என்று மகள் கத்தினாள்.

"கதை முடியட்டும், வந்துடறேன்டி!"

அது எங்கே முடிகிறது? தையல்காரம்மாவுக்குப் பிறகு வேறொருத்தி ஏறினாள். பஸ்ஸை உடைக்கிற பேச்சையே அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இப்போது ஹாரன் அண்ணனும் அவர் மனைவியும் மகள் ஊருக்கு வடக்கே, மீன் இறங்குதுறைக்கு எதிரில் பஸ்ஸை நிறுத்தி அதிலேயே குடியிருக்கிறார்கள்.