அணைக்கரையில் ஒரு சொட்டு மை

ஆத்தூர் அணைக்கரையில் வெயில் ஏறுகிறது. என் மனைவி கோமதி சீன பாணியில் மை ஓவியம் வரைகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்லில் மைக்கட்டியை உரசுகிறேன். ஜிப்பா போட்டிருப்பதால் வேடிக்கை பார்ப்பவர்கள் என்னைத்தான் ஓவியர் என்று நினைக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

சென்னைக் கண்காட்சிக்குப் போகவேண்டிய படம். சிங்கப்பூரிலிருந்து வந்த தாளில் இதுதான் கடைசி. இதில் மை விழுந்தால் விழுந்ததுதான், அழிக்க முடியாது. நாலைந்து இழுப்பில் மலை எழுந்துவிடுகிறது. கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டுவிட்டு, தூரிகையை என்னிடம் நீட்டுகிறாள்.

பூக்கூடையோடு நிற்கும் பெண் எட்டிப் பார்க்கிறாள். "ஏக்கா, மலைய இம்புட்டு அழகா போட்டுட்டு, தண்ணிய விட்டுப்புட்டீகளே?"

"விட்ட எடந்தாம்மா தண்ணி."

அவள் அணையைப் பார்க்கிறாள், தாளைப் பார்க்கிறாள். "அட, ஆமா! அலையில்லாம கெடக்கு." உடனே என்னைப் பார்த்து அலறுகிறாள். "சாரு, கைய எடுங்க! தண்ணிக்குள்ள மை விழுகப் போகுது!"

வாங்கிய தூரிகையைத் தாளுக்கு மேலேயே பிடித்திருக்கிறேன்; அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. பதறிப்போய்த் தூரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். படம் தப்புகிறது, ஜிப்பா தப்பவில்லை.

"தொவைக்கிறவுக பாடு பாவம்" என்கிறாள் பூக்காரி.

"தொவைக்கிறதும் அவருதான்" என்கிறாள் கோமதி.

திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் என் கறையையே பார்க்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. நானாகவே படத்தைப் பிரித்து, "எங்க வீட்டம்மா வரைஞ்சது" என்கிறேன்.

"காத்துல கிழிஞ்சிரும், சுருட்டுங்க" என்று அதட்டுகிறாள் கோமதி. சுருட்டுகிறேன். அடுத்த நிறுத்தத்தில் புது ஆட்கள் ஏறுகிறார்கள். மறுபடியும் பிரிக்கிறேன்.